தாது வருடப் பஞ்சமும் உடலின் கணக்கும்

சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைத்தொடருக்கும் இடையே விரியும் திண்டுக்கல் சமவெளி வானம் பார்த்த பூமி. அன்று மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த இந்நிலமும் 1876–78இல் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்திற்குத் தப்பவில்லை.

1877 ஜனவரியில் இந்திய அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியாளரின் நாட்கூலியை ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சிறிது காசும் எனக் குறைத்தார். சலுகை மிகுந்தால் மக்கள் அரசை நம்பியே இருந்துவிடுவர் என்ற ஐயம் அக்கால ஆட்சியாளரிடம் இருந்தது. மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு இவ்வளவு போதாது என்பது அவர் வாதம். அவ்வாண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது. எனினும் 1878இல் மாகாணத்தில் பிறப்புகள் பெரிதும் வீழ்ந்தன. சாவும் குடும்பப் பிரிவும் மட்டுமே இதற்குக் காரணங்களா?

விடையின் ஒரு பகுதி நூறாண்டுகளுக்குப் பின்னரே துலங்கிற்று. 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் சுரப்புக்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். கொழுப்புத் திசுவில் ஊறி மூளையின் ஹைபோதாலமஸை அடையும் இச்சுரப்பு, உடலின் சேமிப்பு எவ்வளவு என்பதை உணர்த்துகிறது. பட்டினியில் அது சரியும்போது பசி மூள்கிறது. ஆற்றற் செலவு சுருங்குகிறது. கருவுறும் திறனும் தணிகிறது. 1996இல் பட்டினியிட்ட எலிகளுக்கு லெப்டின் செலுத்தியபோது இத்தடங்கல் பெருமளவு விலகியது. 1999இல் ஜப்பானிய அறிஞர் கோஜிமா, கங்காவா ஆகியோர் இரைப்பையிலிருந்து எழும் கிரெலின் என்னும் பசி தூண்டும் சுரப்பையும் கண்டனர்.

1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள், பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த இரு உறவுச் சிறார்களிடம் பிறவியிலேயே லெப்டின் இல்லாமையைக் கண்டனர். அடங்காப் பசியும் மிகு பருமனும் அவர்களை வருத்தின. பின்னர் லெப்டின் ஊசி அளித்ததும் பசி தணிந்தது, எடையும் குறைந்தது. பெருந்தீனி என்று ஊர் பழித்திருக்கக்கூடிய ஒன்று, உண்மையில் ஒரு பிணியே. இத்தகைய பிறவிக் குறை மிக அரிது என்பதையும் நாம் மறக்கலாகாது. பெரும்பாலான பருமனரிடம் லெப்டின் மிகுந்தே உள்ளது. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

பஞ்சத்தில் வாடியவனைச் சோம்பேறி என்றும், பருத்தவனை அடக்கமற்றவன் என்றும் தூற்றும் வழக்கம் ஒரே அறியாமையின் இரு முகங்கள். நோன்பைக் கடமையாக்கிய திருமறையே நோயாளிக்கும் பயணிக்கும் அதில் சலுகை அளிக்கிறது. உடலின் வரம்பை மதித்த அந்த நீதி, உணவுப் பங்கீட்டிலும் நமது தீர்ப்புகளிலும் இடம்பெற வேண்டும்.