துண்டிக்கப்பட்ட பியானோ

ஜப்பானின் கிதாக்யூஷு நகராட்சி அருங்காட்சியகத்தில் குறைபட்ட ஓவியம் ஒன்று இருக்கிறது. எட்கர் தெகா 1868-69 வாக்கில் பாரிஸில் வரைந்தது. இடப்பக்கம், ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சோஃபாவில் சாய்ந்திருப்பவர் ஓவியர் எதுவார் மனே, தெகாவின் நண்பர். அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மனைவி சூசான் பியானோ வாசிக்கிறார். வாசிக்கிறார் என்று நாமாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் படம் முடிந்துவிடுகிறது. கையும் பியானோவும் கிடையாது. அதற்கப்புறம் வெறும் கித்தான்.

வெட்டியவர் மனே. அது தெகா அவருக்குப் பரிசாகக் கொடுத்த படம். பிறகொரு நாள் வந்து பார்த்தால் வலப்பக்கத்தைக் காணோம்! தெகா படத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனே தனக்குத் தந்திருந்த ஓவியம் ஒன்றையும் திருப்பி அனுப்பினார். கோபம் நீடிக்கவில்லை. சூசானைத் திரும்ப வரையலாமென்று புதுக் கித்தானை ஒட்டினார். கடைசிவரை வரையவில்லை.

மனைவியின் முகம் நன்றாக வரவில்லை, அதனால் மனே வெட்டிவிட்டார் என்பது பலரும் சொல்லும் காரணம். அப்படியே இருக்கட்டும். ஆனா போனது முகம் மட்டுமில்லை, அந்தப் பெண்ணின் தொழிலும்தான்.

சூசான் லீன்ஹாஃப் 1829இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தவர். மனே வீட்டுக்குள் பியானோ ஆசிரியையாக நுழைந்தார். 1863இல் திருமணம். அன்றைய பாரிஸின் வசதியான வீடுகளில் பியானோ என்பது பெண்ணின் கல்யாணத் தகுதிகளில் ஒன்று. சூசானுக்கோ அது பிழைப்பு. பேச்சிழந்து நோயில் கிடந்த கவிஞர் பொதலேருக்கு வாக்னரை வாசித்துக் காட்டியவர்களில் அவரும் உண்டு.

அதே காலத்தில் மனேயும் சூசானை வரைந்தார். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பு உடை, பக்கவாட்டு முகம், பியானோ கட்டைகள்மேல் விரல்கள். எல்லாம் இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆளில்லை.

வீட்டில் வாசிப்பவருக்கு மேடை கிடையாது, விமர்சனம் எழுத யாரும் வரமாட்டார்கள். அந்த இசை எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சுக்க, கூட இருந்தவரைத்தான் பார்க்கணும். தெகா அந்த ஒருவரை வரைந்து வைத்திருக்கிறார். மனே அலுப்பில் கிடக்கிறாரா, லயித்துக் கிடக்கிறாரா? இரண்டாகவும் தெரிகிறது. எதுவானாலும், வெட்டுப்பட்ட அந்தப் படத்தில் சூசானின் வாசிப்புக்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, வெட்டியவரின் உடம்புதான்.