கட்டபொம்மனுக்குப் பிறகும் கதை உண்டு

புதுக்கோட்டை என்றதும் வெளியூர்க்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: “கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த ஊர்தானே?” மறுப்பதற்கில்லை. 1799-இல் திருக்களம்பூர்க் காட்டில் பிடிபட்டவரைத் தொண்டைமானின் ஆட்கள் கும்பெனியாரிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். கும்பெனிக்குச் செய்த உதவிகளுக்காகக் கீழாநிலைக்கோட்டைச் சீமை பிறகு தொண்டைமானுக்குக் கிடைத்தது.

ஆனால் நம் பாட்டன் பூட்டன்மார் பிழைப்பைப் பாதித்தது வேறு விஷயம். அந்நாளில் இங்கே பல நிலங்களில் அமானி முறை இருந்தது. விளைச்சலில் சர்க்காருக்கு ஒரு பங்கு. கதிர் முற்றினாலும் அதிகாரி வந்து மதிப்புப் போடாமல் அறுக்க முடியாது. அறுத்த நெல்லும் பங்கு பிரியும்வரை காவலோடு களத்தில் கிடக்கும். நடுவில் மழை பெய்தால் போச்சு! எருப்போட்டு அதிகம் விளைவித்தால் அதிலும் பங்கு போகும். பிறகு யாருக்கு உழைக்க மனசு வரும்?

1878-இல் திவானாக வந்தார் சேஷையா சாஸ்திரி. திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். அவர் காலத்தில்தான் அமானி ஒழிந்து பணத்தீர்வை வந்தது. குடியானவன் தன் பயிரைத் தானே நாள் பார்த்து அறுத்தான். மழை பொய்த்த வருஷத்தில் ரொக்கம் கட்டுவது கஷ்டம்தான். இருந்தாலும் களத்தில் காத்துக் கிடக்கும் அவலம் தீர்ந்தது. தெருக்கள் சீரானதும் புதுக்குளம் வெட்டியதும் அவர் நாளில்தான்.

எல்லாம் மேலிருந்து வந்த சீர்திருத்தம். குடிகள் பேச ஒரு பிரதிநிதி சபை 1902-இல்தான் ஏற்பட்டது. பேரப்பிள்ளைகளுக்குக் கட்டபொம்மன் கதையைச் சொல்லுங்கள். கூடவே, சொந்த வயலில் அறுக்க அனுமதிக்குக் காத்து நின்றவன் கதையையும் சொல்லுங்கள்.