இலங்கையிற் பாடசாலைத் தமிழ்ப் பாடநூல்கள்: கொள்கையும் ஆக்கமும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைத் தமிழரின் கல்வி வரலாற்றை எழுதியோர் பாடசாலைகளையும் அவற்றை நிறுவிய பெரியார்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். வகுப்பறையிலே மாணவன் கையில் இருந்த நூல் அத்தகைய கவனத்தைப் பெற்றதில்லை. ஆண்டு முடிவிற் பழந்தாளாகிவிடும் பாடநூலைப் பேணி வைப்பாரும் குறைவு. ஆயினும் ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு எதை அறிவென்று கொடுத்தது, அதைக் கொடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்னும் வினாக்களுக்கு விடை கூறும் முதன்மைச் சான்று அதுவே. பாடநூலின் தரம் பற்றி இன்று நடைபெறும் வாதங்கள் பெரும்பாலும் எழுத்துப் பிழை, மொழிபெயர்ப்புப் பிழை, அச்சுப் பிழை என்னும் அளவில் நின்றுவிடுகின்றன. அப்பிழைகளுக்கு அடியில் நூலை ஆக்குவோர் யாவர் என்ற கொள்கைப் பிரச்சினை ஒன்று உண்டென்பதை வரலாறு காட்டுகின்றது.

யாழ்ப்பாணத்தில் அச்சிட்ட பாடநூலின் வரலாறு மிசனரிமாரின் முயற்சியுடன் தொடர்புடையது. 1816ஆம் ஆண்டில் வந்த அமெரிக்க மிசன், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கியது. ஐரோப்பிய கணிதமும் விஞ்ஞானமும் அங்கு கற்பிக்கப்பட்டன. அக்கல்வியை ஒட்டியே அவ்வறிவைத் தமிழில் எழுதும் தேவை எழுந்தது. கறல் விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' என்னும் நூலும், வைத்தியர் கிறீன் தம் மாணாக்கரின் துணையுடன் ஆக்கிய மருத்துவ நூல்களும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கவை. கிறீனின் நூல்கள் பாடசாலைக்குரியனவல்ல; எனினும் புதிய அறிவைத் தமிழிற் கற்பிக்க இயலும் என்பதற்கு அவை சான்றாயின. மிசன் பாடசாலைகளின் வாசிப்பு நூல்கள் எழுத்தறிவோடு கிறித்தவ போதனையையும் இணைத்தே புகட்டின. நூலை ஆக்கியோரின் நோக்கம் நூலின் உள்ளடக்கத்தை நிர்ணயித்தது.

இதனை நன்குணர்ந்தவர் ஆறுமுக நாவலர் (1822-1879). பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பிற் பணியாற்றிய அவர், மிசன் கல்வியின் பலம் அதன் ஒழுங்கமைப்பிலும் அச்சு நூலிலும் தங்கியிருந்ததை நேரிற் கண்டவர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர், அதையடுத்து அச்சியந்திரசாலை ஒன்றையும் நிறுவினார். பாடசாலையும் அச்சகமும் அடுத்தடுத்துத் தோன்றியமை தற்செயலன்று. அவர் எழுதிய பாலபாடங்கள் எழுத்து, சொல், சிறு வசனம், கட்டுரை எனப் படிமுறையாக அமைந்தவை. செய்யுளை மனனஞ் செய்வித்த திண்ணைப் பள்ளிக்கூட மரபிலிருந்து விலகி, வசனநடையை வாசிப்பின் அடிப்படையாக்கிய நூல்கள் அவை. அவற்றின் சமய நோக்கும், அவர் காலச் சாதியமைப்பை ஏற்றுக்கொண்ட சமூக நோக்கும் விமர்சனத்துக்குரியன. எனினும் தமிழ்ப் பிள்ளைக்குரிய நூலைத் தமிழில் சிந்தித்துத் தமிழிலேயே ஆக்கும் மரபு அவராலேயே வலுப்பெற்றது.

1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் ஏற்படுத்தப்பட்டபின், அரசின் உதவிநன்கொடை பெற்ற பாடசாலைகள் பெருகின. பரீட்சைப் பெறுபேற்றைப் பொறுத்து நன்கொடை வழங்கப்பட்டமையால், வகுப்புக்கேற்ற வாசிப்பு நூல்களின் தேவை அதிகரித்தது. பழந்தமிழ் நூற் பதிப்பாசிரியராகப் புகழ்பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை ஆறாம், ஏழாம் வாசகப் புத்தகங்களை எழுதினார் என்பது இன்று பலராலும் மறக்கப்பட்ட செய்தி. பாடநூல் எழுதுவதைப் புலமைக்கு இழிவெனக் கருதாத காலம் அது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இம்மரபைத் தனியார் பதிப்பகங்கள் தொடர்ந்தன. சுன்னாகம் வட-இலங்கைத் தமிழ்நூற் பதிப்பகம், யாழ்ப்பாணம் ஸ்ரீ சுப்பிரமணிய புத்தகசாலை போன்றவை ஆசிரியர்களைக் கொண்டு நூல்களை எழுதுவித்து வெளியிட்டன. ஒரு பாடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நூல்கள் இருந்தன. ஆனால் இக்காலத்தைப் பொற்காலமாகக் கொள்வது பொருந்தாது. நூலின் விலை ஏழைப் பெற்றோருக்குச் சுமையாயிற்று. பரீட்சையை மட்டுங் கருதிய வினாவிடை நூல்களும் மலிந்தன. யாழ்ப்பாணத்தவர் யாழ்ப்பாணத்து மாணவரை மனத்திற்கொண்டு எழுதிய நூல்களில் மட்டக்களப்புப் பிள்ளையும், தோட்டப் பாடசாலைப் பிள்ளையும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் பிள்ளையும் தம் வாழ்க்கையைக் காண்பது அரிதாயிருந்தது.

அடுத்த திருப்பம் கன்னங்கரா காலத்துக் கல்விச் சீர்திருத்தத்துடன் ஏற்பட்டது. 1943ஆம் ஆண்டின் விசேட கல்விக்குழு அறிக்கையைத் தொடர்ந்து, 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழியாயிற்று. 1953 முதல் இடைநிலை வகுப்புகளுக்கும் அது படிப்படியாக விரிவுற்றது. விஞ்ஞானம், கணிதம், புவியியல் முதலிய பாடங்களுக்கு ஆங்கில நூல்களே அடிப்படையாயிருந்த நிலையிற் கலைச்சொல்லாக்கம் அவசரப் பணியாயிற்று. அரசகரும மொழித் திணைக்களம் துறைவாரியாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டது; ஆங்கில நூல்களின் மொழிபெயர்ப்புகளும் வெளிவந்தன. பௌதிகவியல், இரசாயனவியல், ஒட்சிசன் என இலங்கைத் தமிழ் மாணவர் வழங்கும் சொற்கள் இம்முயற்சியின் வழியே நிலைபெற்றன. மொழிபெயர்ப்புகளின் நடை கடினமாயிருந்தது உண்மையே. ஆனால் மொழிபெயர்த்தோர் பலர் அவ்வத் துறையைக் கற்றவர்கள். தமிழும் சிங்களமும் ஒரே நிலையில் நின்று மூன்றாவது மொழியொன்றிலிருந்து அறிவைப் பெற்றன. இரண்டில் எதுவும் மற்றையதன் நிழலாயிருக்கவில்லை.

1960-61ஆம் ஆண்டுகளில் உதவிநன்கொடைப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. பாடசாலை முறையை ஒன்றுபடுத்திய அரசு, பாடநூலாக்கத்தையும் மெல்ல மெல்லத் தன்வசப்படுத்தியது. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் வரலாறு, புவியியல், குடியியல் ஆகியவற்றைச் 'சமூகக் கல்வி' என ஒன்றிணைத்தது. 1980இல் அரசு பாடநூல்களை இலவசமாக வழங்கத் தொடங்கியதும், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் நூலே பெரும்பாலான மாணவரின் ஒரே நூலாயிற்று.

இம்மாற்றத்தை ஒருதலைப்பட்சமாக மதிப்பிடலாகாது. புத்தகம் வாங்க வழியின்றிப் பாடசாலையை விட்டு விலகிய பிள்ளைகளுக்கு இலவச நூல் பெரும் பேறாயிற்று. மேலும், வடக்கு, கிழக்கு, மலையகம், தெற்கு எனப் பரந்து வாழும் தமிழ்மொழி மூல மாணவர் அனைவரையும் ஒருசேர மனத்திற்கொள்ள வேண்டிய கடப்பாடு அரசின் நூலுக்கே முழுமையாக ஏற்பட்டது. ஆனால் அதே கொள்கை மாற்று நூல்களையும் இல்லாமற் செய்தது. முன்பு ஒரு நூலிற் பிழையிருந்தால் ஆசிரியர் வேறொன்றை நாடலாம். ஒரே நூல் என்ற நிலையில் அந்நூலின் பிழை நாடளாவிய பிழையாகிவிடுகின்றது.

இவ்வேளையில் நூலாக்க முறையிலும் ஒரு வேறுபாடு உருவாயிற்று. தமிழ்மொழி, சைவசமயம் ஆகிய பாடங்களுக்குரிய நூல்கள் தமிழிலேயே எழுதப்படுகின்றன. வரலாறு போன்ற பொதுப் பாடங்களின் நூல்கள் பெரும்பாலும் முதலிற் சிங்களத்தில் எழுதப்பட்டுப் பின்னர் தமிழாக்கப்படுகின்றன. ஒரே மாணவன், ஒரே திணைக்களத்தின் இருவகை நூல்களைக் கற்கின்றான். முதல்வகை நூல் அவனை நோக்கிப் பேசுகின்றது. இரண்டாம் வகை நூல் வேறொருவனை நோக்கிப் பேசியதை அவன் கேட்கின்றான். இடப்பெயர்களின் திரிபும், சிங்கள வாக்கிய அமைப்பின் சாயலும் இதன் வெளித்தோற்றங்கள் மாத்திரமே. எந்த நிகழ்ச்சி தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது, எவர் 'நாம்' எனவும் எவர் 'படையெடுத்தோர்' எனவும் குறிக்கப்படுகின்றனர் என்பவை மூலத்திலேயே முடிவாகிவிடுகின்றன. எல்லாளன்-துட்டகைமுனு போரை இன யுத்தமாகக் காட்டும் கதையை எத்துணைச் செம்மையாகத் தமிழாக்கினும் அதன் நோக்கு மாறாது. யாழ்ப்பாண இராச்சியத்தின் வரலாறும், பெருந்தோட்டங்களை உருவாக்கிய மலையக மக்களின் வரலாறும் போதிய இடம் பெறவில்லை என்ற முறைப்பாட்டைத் தீர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் கையில் இல்லை.

1980களின் முற்பகுதியில் றெஜி சிறிவர்த்தன, கா. இந்திரபாலா, சுனில் பஸ்தியன் முதலியோர் பாடநூல்களையும் இன உறவுகளையும் பற்றி நடத்திய ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. சிங்கள வாசிப்பு நூல்கள் ஒரே பண்பாட்டையுடைய உலகினையே மாணவர் முன் வைத்தன என்பது அவ்வாய்வு வெளிப்படுத்திய முக்கிய குறைபாடு. சிங்கள மாணவனும் இதனால் இழப்புற்றான் என்பதைக் கவனித்தல் வேண்டும். தன் நாட்டில் வாழும் பிறரை அறியும் வாய்ப்பு அவனுக்கு மறுக்கப்பட்டது. 1983இன் வன்செயல்களுக்குப் பாடநூல் மட்டுமே காரணமெனக் கூறல் மிகையாகும். ஆனால் அவற்றுக்கு ஏற்ற மனநிலையைத் தடுப்பதில் அது தன் பங்கினை ஆற்றவில்லை. சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய 2008ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை இக்குறைபாட்டை அரசே ஏற்றுக்கொண்டதற்குச் சான்று. வரலாறு மீண்டும் தனிப்பாடமாக்கப்பட்டுள்ள நிலையில் இக்கேள்வி மேலும் கூர்மையடைந்துள்ளது.

தமிழ் நூலைச் சரிபார்க்கும் குழுக்களை நியமிப்பது இதற்குப் போதிய பரிகாரமாகாது. மூலப்பிரதி உருவாகும் மேசையிலேயே தமிழ், முஸ்லிம், மலையக எழுத்தாளரும் அறிஞரும் சம உரிமையுடன் அமர்தல் வேண்டும். சில அதிகாரங்கள் தமிழில் எழுதப்பட்டுச் சிங்களத்துக்குப் பெயர்க்கப்படவும் வேண்டும். அவ்வாறு நிகழுமாயின் இரு மொழி மாணவரும் ஒரே வரலாற்றைக் கற்பர். இதற்குத் தமிழ்ப் புலமையுலகும் ஆயத்தமாதல் அவசியம். நாவலரும் தாமோதரம்பிள்ளையும் பிள்ளைகளுக்கு எழுதுவதைத் தம் ஆய்வுக்கு இணையான பணியாகக் கொண்டனர். பின்வந்த பல்கலைக்கழகத் தமிழுலகு அப்பணியைப் பெரிதும் திணைக்களத்திடம் விட்டுவிட்டது. அரசிடம் உரிமை கோரும்போது, அவ்வுரிமை கிடைக்கும் நாளில் எழுதவல்லோர் எத்துணைப் பேர் என்ற வினாவையும் அது எதிர்கொள்ள வேண்டியுள்ளது.