ஒரு தீர்ப்பும் கண் ஆஸ்பத்திரி வரிசையும்

ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் கண் ஆஸ்பத்திரியில கூட்டம் கூடுமா? இங்கிலாந்துல கூடுச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்ல பின்னணி. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள்ள பார்க்கிற கருவியை அறிமுகப்படுத்தினார். 1860இல் ஜெர்மன் கண் மருத்துவர் ஃபான் கிரேஃப, பார்வை நரம்பு வீக்கத்தை மூளைக் கட்டியோடு தொடர்புபடுத்தி எழுதினார். மண்டையைத் திறக்காமலே உள்ளே அழுத்தம் ஏறுறதுக்கு ஒரு அடையாளம் கிடைச்சது.

ஆனா ஒரு சிக்கல். சிலருக்கு நரம்பு முனை இயல்பாவே புடைச்சிருக்கும், இல்ல சுண்ணாம்புத் துணுக்குகள் படிஞ்சிருக்கும். மூளையில பிரச்சினை இருக்காது. பார்க்க வீக்கம் மாதிரியே இருக்கும்.

பிரிட்டன்ல இதைப் பெரும்பாலும் முதல்ல பார்க்கிறவர் கண்ணாடிக் கடையில இருக்கிற ஆப்டோமெட்ரிஸ்ட். சந்தேகம்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்.

2012 பிப்ரவரி, இப்ஸ்விச் நகரம். எட்டு வயசுப் பையனுக்கு வழக்கமான கண் பரிசோதனை. விழித்திரைப் படங்களில் வீக்கம் பதிவாகியிருந்தது. ஆப்டோமெட்ரிஸ்ட் அதைக் கவனிக்கல. மூளையில நீர் கோத்து ஜூலையில பையன் இறந்துட்டான். 2016இல், கடும் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றவாளின்னு தீர்ப்பு. ரெண்டு வருஷச் சிறை, நிறுத்திவைக்கப்பட்டது.

அதுக்கப்புறம் கடையில உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் மனசுல என்ன ஓடும்? ‘லேசா சந்தேகமா, அனுப்பிடு.’ தீர்ப்புக்குப் பிறகு மூளை ஸ்கேன் கோரிக்கைகள் எகிறினதை ‘ஐ’ என்ற கண் மருத்துவ இதழில் 2018இல் மருத்துவர்களே பதிவு செஞ்சாங்க.

நோய் திடீர்னு பெருகல, பயம் பெருகுச்சு. இதுக்கு விலை உண்டு. ஒண்ணுமில்லாத குழந்தையும் ஸ்கேனுக்குக் காத்திருக்கும், பெத்தவங்க தூங்க மாட்டாங்க. உண்மையிலேயே வீக்கம் இருக்கிறவரும் அதே வரிசையில நிப்பார். அதுக்காக அனுப்பினவங்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரல. ஒரு பையன் போயிட்டானே.

2017 ஜூலையில மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செஞ்சது. கடமை தவறியது உண்மைதான். ஆனா ‘ஒழுங்கா பார்த்திருந்தா மரண ஆபத்து தெரிஞ்சிருக்கும்’ங்கிறது இந்தக் குற்றத்துக்குப் போதாது, அப்போ கையில இருந்த தகவலிலேயே அது வெளிப்படையாத் தெரிஞ்சிருக்கணும்னு சொன்னது.

அடுத்த முறை ஏதோ ஒரு நோய்க்கான எண்ணிக்கை ஏறுதுன்னு செய்தி பார்த்தா, அதுக்கு முந்தின மாசங்கள்ல வெளியே என்ன நடந்ததுன்னும் தேடிப் பாருங்க.