மலையகப் பெண்ணும் கருப்பை நோயும்: ஒரு வரலாற்று நோக்கு



ஊவா மாகாணத்தின் வரலாறு என்றதும் 1818-ஆம் ஆண்டின் கிளர்ச்சியும், கோப்பியும் தேயிலையும், தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலமும் நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றைப் பற்றிப் பேசியோரும் எழுதியோரும் பலர். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ, நான் கற்பித்த பாடநூல்கள் எவற்றிலும் இடம்பெறாதது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை மலைகளில் ஏறிக் கொழுந்து கொய்த பெண்ணின் கருப்பை நோவும், அந்நோவு தீர இளவயதிலேயே கருப்பையை நீக்கிக்கொண்டவள் மீண்டெழும் பாடும் அப்பொருளாம். வானொலியில் பேசத்தக்கதோ இது என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். மாதந்தோறும் மேசையிற் கவிழ்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் மாணவியரை நெடுங்காலம் கண்டவள் நான். ஆதலின் எனக்கு அந்தத் தயக்கம் இல்லை.

கருப்பையின் உட்சுவரில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. மாதந்தோறும் தடித்து, கருத்தரியாதபோது குருதியோடு கழிவது அதுவே. அதனை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகத்தின் மேலும் குடலின் மேலும் இடுப்பெலும்புக் குழியின் சுவர்களிலும் முளைத்துவிடுவதுண்டு. அங்கு அழற்சி தோன்றும்; தழும்பு படியும்; தனித்தனியே அசையவேண்டிய உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதனை எண்டோமெட்ரியோசிஸ் என்பர். 1860-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து றொக்கிற்றான்ஸ்கி இத்தகைய இழையத்தை விவரித்தார். அமெரிக்காவில் ஆல்பனி நகரத்து மருத்துவர் ஜோன் சாம்சன் 1921-ஆம் ஆண்டில் சூலகத்தில் உண்டாகும் கருங்குருதிக் கட்டிகளைப் பற்றி எழுதினார். கட்டியினுள் இருக்கும் பழங்குருதி சொக்கலேற் நிறமாயிருத்தலின் அவற்றுக்குச் சொக்கலேற் கட்டிகள் என்றே பெயர் வந்தது. மாதக்குருதியில் ஒரு பகுதி பின்னோக்கிப் பாய்ந்து இந்நோயை விதைக்கிறது என்ற அவரது கொள்கை 1927-ஆம் ஆண்டில் வெளிவந்தது. எல்லாப் பெண்களுக்கும் அது விடைதரவில்லையெனினும் இன்றுவரை ஆராயப்படுகிறது. பிள்ளைப்பேற்று வயதிலுள்ள பெண்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருத்திக்கு இந்நோய் உண்டு என்றும், உலகில் இவர்கள் தொகை 19 கோடி என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

இத்துணைப் பேருக்குள்ள நோயைக் கண்டறிய இத்துணைக் காலம் சென்றது எதனால்? பெண்ணுக்கு மாதவலி இயல்பென்று எல்லா நாட்டாரும் நம்பியதே முதற் காரணம் என்பேன். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே ஹிஸ்டீரியா என்னும் சொல் பிறந்தது. பெண்ணின் நோவெல்லாம் அவள் மனத்தின் கோணல் என்று மேனாட்டு மருத்துவம் நெடுங்காலம் பேசிற்று. நம்மவர் சூதகவாயு என்றனர், சூதகவலி என்றனர். கலியாணம் ஆனால் சரியாகும் என்றனர். கலியாணம் ஆனபின் ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகும் என்றனர். இந்நோயே பிள்ளைப்பேற்றைத் தடுக்கவல்லது என்பதை எண்ணும்போது, அவ்வறிவுரை எத்துணைக் கொடிது என்பது விளங்கும்.

கருப்பையை அறுத்து நீக்கும் சிகிச்சையும் நெடுங்காலம் அஞ்சத்தக்கதாகவே இருந்தது. 1843-ஆம் ஆண்டில் மாஞ்செஸ்டர் நகரில் சாள்ஸ் கிளே என்பார் வயிற்றைத் திறந்து கருப்பையை எடுத்தார், நோயாளி பிழைக்கவில்லை. பத்தாண்டு கழித்து, 1853-இல், அமெரிக்காவில் லோவெல் என்னும் ஊரில் வோல்டர் பேர்ணம் செய்த சிகிச்சையில் பெண் உயிர்தப்பினாள். மயக்கமருந்தும், 1867-இல் லிஸ்டர் வெளியிட்ட கிருமிநீக்க முறையும், 1901-இல் லான்ட்ஸ்டைனர் கண்ட குருதி வகைகளும், பின்னர் பெனிசிலினும் வந்தபின்னரே இது அச்சமின்றிச் செய்யத்தக்க சிகிச்சையாயிற்று. 1988-ஆம் ஆண்டில் ஹரி றீச் என்பார் வயிற்றிற் சிறு துளைகளிட்டு, உள்நோக்குக் கருவியின் துணைகொண்டு இதனைச் செய்துகாட்டினார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பிரசவ வைத்திய நூலொன்றை 1857-ஆம் ஆண்டிலேயே அவர் தமிழில் தந்தார் என்பது தமிழர் பெருமைப்படத்தக்க செய்தி. அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துவந்த தமிழ்ப் பெண்களை அந்நூலின் பயன் எட்டியிராது. ஒரே மொழியைப் பேசிய இரு சாராரிடையே இருந்த தொலைவு அத்தகையது.

தோட்டங்களுக்கென 1872-ஆம் ஆண்டில் மருத்துவத் தேவைச் சட்டம் ஒன்று வந்தது. காய்ச்சலும் கழிச்சலும் தொழிலாளரைக் கொள்ளைகொண்ட காலம் அது. ஆள் குறைந்தால் விளைச்சலும் குறையும் என்பதைத் துரைமார் அறிந்திருந்தனர். 1916-ஆம் ஆண்டு முதல் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் நடைபெற்றது. நல்ல பணியே. ஆயினும் சோகைபிடித்த பெண்ணைக் கண்டவிடத்துப் புழுவுக்கு மருந்து கொடுத்தனரேயன்றி, "உனக்கு மாதம் எத்தனை நாள் உதிரம் போகிறது?" என்று கேட்டவர் பலர் இருந்திருப்பர் என நான் நினைக்கவில்லை. 1939-ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைச் சட்டம் பிள்ளை பெறும் பெண்ணுக்குக் கொடுப்பனவு வகுத்தது. ஆக, கொழுந்து கொய்யும் கை சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. பிறக்கும் பிள்ளை தெரிந்தது. பிள்ளை பெறாத மாதங்களில் அவள் உடல் பட்ட பாடு தெரியவில்லை.

தோட்டத்து நடைமுறையும் அதற்கு இடங்கொடுக்கவில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்கவேண்டும். வலியென்று லயத்தில் படுத்தால் அன்றைக்குப் பேர் இல்லை. பாதியில் திரும்பினால் அரைப்பேர். ஆண் கங்காணியிடம் காரணத்தைச் சொல்ல எந்தப் பெண்ணுக்கு நாவெழும்? புகையிரதம் பதுளையை எட்டியதே 1924-ஆம் ஆண்டில்தான். நிலையத்துக்கு எட்டாத உள்மலைத் தோட்டங்களிலிருந்து நகரத்து வைத்தியசாலைக்குச் செல்வது அதன் பின்னரும் எளிதாயிருக்கவில்லை.

அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமானதும், 1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் அரசுடைமையானதும், 1984-இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கிடைத்ததும் இக்கதையின் அடுத்த படிகள். தோட்ட வைத்தியசாலைகள் சிறிது சிறிதாக அரசின் கைக்கு மாறின. இன்று பதுளைப் பெரிய வைத்தியசாலையில் பெண்நோய் மருத்துவர் உளர். முன்னர் பெயரில்லாதிருந்த நோவுக்கு இப்போது பெயர் உண்டு.

என் பழைய மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்லுகிறேன். பேரும் ஊரும் வேண்டா. பதினான்கு வயதில் தொடங்கிய வலி. மணமாகிப் பல ஆண்டு பிள்ளையில்லை. சூலகத்தில் கட்டி என்று கண்டனர், ஹோர்மோன் மாத்திரை கொடுத்தனர், ஒருமுறை கட்டியை நீக்கினர், மீண்டும் வந்தது. ஈற்றில் அவள் தானே முடிவுசெய்து, 32 வயதில் கருப்பையையும் ஒரு சூலகத்தையும் நீக்கிக்கொண்டாள். மற்றைச் சூலகத்தை மருத்துவர் விட்டுவைத்தார். இரண்டையும் எடுத்தால் அன்றே மாதவிடாய் முற்றுப்பெற்ற முதியவளின் நிலைக்கு உடல் சென்றுவிடும், மேனி தீப்போல் எரியும், எலும்பு தேயும், அதற்கு மாற்று ஹோர்மோன் வேண்டும். ஒன்றை விட்டுவைத்தாலோ நோய் திரும்பும் வாய்ப்புச் சற்று மிகுதி. கருப்பை போனால் இந்நோய் போயிற்று என்பது முழு உண்மை அன்று. வெளியே முளைத்த இழையமும் நீக்கப்படவேண்டும். இவற்றையெல்லாம் அவளுக்குத் தமிழில் பொறுமையாக விளக்கிய தாதி ஒருவர் இருந்தது அவளுடைய நற்பேறு.

வயிற்றைத் திறந்து செய்த சிகிச்சைக்குப்பின் ஆறு கிழமையேனும் பாரம் தூக்கலாகாது. மறுநாளே எழுந்து சிறிது நடக்கவேண்டும். இல்லையேல் காலில் குருதி உறையக்கூடும். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளவேண்டும். காய்ச்சலோ, மிகுந்த உதிரப்போக்கோ, ஒருகால் வீக்கமோ கண்டால் உடனே வைத்தியசாலைக்குத் திரும்பவேண்டும். சொல்லுதல் எளிது. குழாயடி பீலிக்கரையில், குடம் சுமப்பவர் யார்? விறகு கொணர்பவர் யார்? லயத்துக்கு ஏற அறுபது படி. அவளுடைய மாமியார் குடத்தை வாங்கித் தம் இடுப்பில் வைத்துக்கொண்டார். அக்கிழவியைப் பற்றி நான் முன்னர் கொண்டிருந்த எண்ணம் வேறு.

உடற்புண் ஆறிற்று. வளைகாப்புக்கு அழைப்பு வாராதது ஆறவில்லை. "என்னைப் பார்த்துப் பிள்ளை எத்தனை என்று கேட்பதை எப்போது டீச்சர் விடுவார்கள்?" என்று கேட்டாள். விடைகூற எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதே மூச்சில், இருபதாண்டுக்குப்பின் முதன்முதலாக ஒரு மாதம் முழுவதும் வலியின்றி உறங்கினேன் என்றும் சொன்னாள்.

இதற்கு மறுதலையான செய்தியும் உண்டு. மகாராஷ்டிர மாநிலத்துப் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரை 2019-ஆம் ஆண்டில் அரசாங்கக் குழு ஒன்றின்பொருட்டு ஆய்ந்தபோது, 13,861 பேர் கருப்பை நீக்கப்பட்டவர்களாய் இருந்தனர். ஒருநாள் வேலைக்கு வாராவிடின் ஒப்பந்தக்காரருக்குத் தண்டம் கட்டவேண்டும். மாதவிடாய் வேலைக்கு இடையூறு. ஆதலின் கருப்பையே வேண்டா என்னும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டனர். இந்திய உச்ச நீதிமன்றம் 2023-இல் தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டிகளை நடைமுறைப்படுத்துமாறு பணித்தது. அங்கே கத்தி மிக விரைந்து வந்தது. இங்கே மருத்துவரின் பார்வைகூட மிகப் பிந்தி வந்தது. இரண்டிடத்தும் நாட்கூலியே முடிவுசெய்தது என்பதை வரலாறு கற்போர் நோக்குதல் வேண்டும்.

நம் சட்டத்தில் பிள்ளைப்பேற்றுக்கு 12 கிழமை விடுப்பு உண்டு. கருப்பையை இழந்து கிடப்பவளுக்கு அத்தகைய தனி ஏற்பாடு இல்லை. படுத்த நாள் பேரில்லா நாளே. பல தோட்டங்களில் ஒருநாட் கொழுந்து 18 கிலோவுக்குக் குறைதல் ஆகாது. என் மாணவி மூன்றாம் மாதம் பெரட்டுக்குப் போனாள். சிறிது காலம் பிள்ளைமடுவத்தில் இலேசான வேலை தரும்படி தோட்ட நிருவாகத்துக்கு ஒரு கடிதம் எழுதித்தரக் கேட்டாள். மருத்துவச் சான்றை இணைத்து எழுதிக்கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து மறுமொழி வந்தது: ஆறு மாதத்துக்கு இசைவு, அதன்பின் மீண்டும் மலைக்கு.