மைதானத்துக்கு வெளியே முடிவான ஆட்டம்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் யார் கை எப்போது ஓங்கியது?

இன்னைக்கு ஒரு விளையாட்டைப் பத்திப் பேசப் போறோம். ஆனா இது ஸ்கோர் கதை இல்லை. அதிகாரம் ஊர் விட்டு ஊர் போன கதை.

2024 ஆகஸ்ட் 2-ம் தேதி அமெரிக்காவில் ஒரு விசித்திரம் நடந்தது. பசிபிக் கடலோரத்தில் இருக்கிற நாலு பல்கலைக்கழகங்கள், யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ., ஓரிகன், வாஷிங்டன், இவை எல்லாம் 'பிக் டென்' என்ற கூட்டமைப்பில் சேர்ந்தன. பிக் டென் 1896-ல் சிகாகோவைச் சுற்றியிருந்த ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கினது. பேர்ல 'டென்', அதாவது பத்து. இப்போ அதில் இருக்கிறது 18 உறுப்பினர்கள். லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிற யு.சி.எல்.ஏ.வும், கிழக்குக் கரையில் நியூ ஜெர்சியில் இருக்கிற ரட்கர்ஸும் இன்னைக்கு ஒரே கூட்டமைப்பு. நடுவுல தூரம் கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர்.

இது எப்படி ஆச்சு? அதுக்கு முன்னாடி, புதுசா கேட்கிறவங்களுக்காக ரெண்டு விஷயம்.

ஒண்ணு, அமெரிக்காவில் ஃபுட்பால்னா நாம சொல்ற கால்பந்து இல்லை. ஹெல்மெட்டும் தோள் கவசமும் போட்டுக்கிட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிட்டு ஓடுற, எறியுற ஆட்டம். ரெண்டு, 'கான்ஃபரன்ஸ்'. பக்கத்துப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள்ள வருஷா வருஷம் மோதிக்க ஏற்படுத்திக்கிட்ட கூட்டமைப்புக்கு அதுதான் பேர். ரொம்ப காலத்துக்கு இந்த விளையாட்டில் தேசிய அளவில் இறுதிப்போட்டியே கிடையாது. யார் நம்பர் ஒன் என்பதைப் பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு பண்ணினாங்க. அதனால எந்த கான்ஃபரன்ஸ் பெருசு என்கிற சண்டை நூறு வருஷத்துக்கும் மேல ஓயவே இல்லை.

கிழக்கில் ஆரம்பம்

முதல் கல்லூரி ஆட்டம் 1869 நவம்பர் 6-ம் தேதி நடந்தது. ரட்கர்ஸ் 6, பிரின்ஸ்டன் 4. அதுக்கப்புறம் சில பத்தாண்டுகளுக்கு யேல், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் வச்சதுதான் சட்டம். சட்டம் என்பதை அப்படியே எடுத்துக்கலாம். இன்னைக்கு இருக்கிற பல விதிகளுக்கு அடித்தளம் போட்ட வால்டர் கேம்ப் யேல் ஆள்.

ஆனா ஆட்டம் கொடூரமா இருந்தது. 1905-ல் மட்டும் 18 பேர் இறந்ததா அன்றைய பத்திரிகைக் கணக்கு. அந்த அக்டோபரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இதே மூணு பல்கலைக்கழகங்களின் ஆட்களைத்தான் வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். நாட்டில் இத்தனை கல்லூரிகள் ஆடும்போது மூணு பேரை மட்டும் கூப்பிட்டாப் போதும்னு அவர் நினைச்சார் பாருங்க, அதுதான் ஆதிக்கம். அடுத்த வருஷமே பந்தை முன்னோக்கி எறியலாம்னு விதி மாறியது.

இந்தப் பல்கலைக்கழகங்கள் பின்னாடி யார்கிட்டயும் தோத்து ஒதுங்கலை. விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்க மாட்டோம், படிப்புதான் முதல்னு 1945-ல் ஃபுட்பாலுக்கும், 1954-ல் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. அதுதான் ஐவி லீக். தாங்களாகவே ஒரு கதவை மூடினாங்க. ஆட்டத்தின் உச்சியும் அவங்களை விட்டுப் போச்சு.

ஏரிகளின் ஓரம்

அந்த இடத்துக்கு வந்தது பிக் டென். 1895 ஜனவரியில் சிகாகோவின் பால்மர் ஹவுஸ் ஹோட்டலில் ஏழு பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடினாங்க. படிக்கவே படிக்காத கூலி ஆட்டக்காரர்களை எப்படித் தடுக்கிறது என்பதுதான் பேச்சு. காசு ஆட்டத்துக்குள்ள வரக் கூடாதுன்னு கூடின கூட்டம் அது. இதை ஞாபகம் வச்சுக்கங்க.

மிஷிகன், ஒஹாயோ, மினசோட்டா எல்லாம் தொழிற்சாலைகளால் வளர்ந்த மாநிலங்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெருத்தன. ஒஹாயோ ஸ்டேடியம் 1922-லும் மிஷிகன் ஸ்டேடியம் 1927-லும் திறந்தாங்க. 1936-ல் ஏ.பி. செய்தி நிறுவனத்தின் வாராந்திரத் தரவரிசை ஆரம்பமானப்ப, முதல் வருஷ முடிவில் நம்பர் ஒன் மினசோட்டா. 1940, 1941-லும் அவங்களேதான்.

இதுக்கு நடுவுல ஒரு கிளைக்கதை. அந்த ஏழு பேரில் ஒருத்தரான சிகாகோ பல்கலைக்கழகம் 1939-ல் ஃபுட்பாலையே கைவிட்டது. காலியா கிடந்த ஸ்டாக் ஃபீல்ட் மைதானத்தின் பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழேதான் 1942 டிசம்பர் 2-ம் தேதி உலகத்தின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுத் தொடர்வினை நடந்தது. சிகாகோ அப்படி ஒரு வழியில் போச்சு. மத்தவங்க பெரிய ஸ்டேடியம் வழியில் போனாங்க.

தெற்கின் மூடிய கதவு

தெற்கு அதுவரை சும்மா இருந்ததா? இல்லை. 1926 ஜனவரி 1-ம் தேதி ரோஸ் பவுல் ஆட்டத்தில் அலபாமா 20-19 என்று வாஷிங்டனை ஜெயிச்சது. உள்நாட்டுப் போரில் தோத்த நினைப்பு மாறாத தெற்குக்கு அது ஒரு ஆட்டத்துக்கும் மேல. 1932-ல் தெற்குப் பல்கலைக்கழகங்கள் 13 சேர்ந்து எஸ்.இ.சி., அதாவது சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸைத் தொடங்கின.

ஆனா ஒரு பெரிய ஓட்டை. கறுப்பின மாணவர்களை அவங்க சேர்க்கவே இல்லை. வடக்கிலிருந்து ஆட வரும் அணிகள்கூட தங்கள் கறுப்பின வீரர்களை வெளியில் உட்கார வச்சுட்டு ஆடுறது எழுதப்படாத வழக்கமா இருந்தது. அப்போ தெற்கில் பிறந்த திறமையான பையன்கள் எங்கே போவாங்க? பல பேருக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கறுப்பினக் கல்லூரிகள். இன்னும் சிலருக்கு வடக்கே போற ரயில்.

மிஷிகன் ஸ்டேட் பயிற்சியாளர் டஃபி டாகர்ட்டி இதைப் புரிஞ்சுக்கிட்டார். அவருடைய 1966 அணியைப் பாருங்க. பப்பா ஸ்மித் டெக்சாஸ்காரர். ஜார்ஜ் வெப்ஸ்டர் தெற்கு கரோலினா. அணியை நடத்துற குவார்ட்டர்பேக் ஜிம்மி ரே வடக்கு கரோலினா. அந்த அணி நவம்பர் 19-ம் தேதி நோட்டர் டேமுடன் 10-10 என்று சமன் செஞ்சது. இன்னைக்கும் அதை 'நூற்றாண்டின் ஆட்டம்'னு சொல்றவங்க உண்டு. அதே வருஷம் ஒரு ஆட்டம்கூடத் தோக்காத அலபாமாவுக்கு மூணாவது இடம்தான் கிடைச்சது. பிக் டென்னின் பலத்தில் ஒரு பங்கு, தெற்கு தானே துரத்திவிட்ட பலம்.

எஸ்.இ.சி.யில் முதல் கறுப்பின ஃபுட்பால் வீரர் களம் இறங்கியது 1967-ல், கென்டக்கியின் நேட் நார்திங்டன். பிறகு 1970 செப்டம்பர் 12. பர்மிங்ஹாம் நகரின் லீஜியன் ஃபீல்ட். யு.எஸ்.சி.யின் சாம் கன்னிங்ஹாம் 135 கெஜம் ஓடினார். அலபாமா 42-21 என்று சொந்த மண்ணில் அடி வாங்கியது.

'இந்தத் தோல்வியைப் பார்த்துத்தான் அலபாமா பயிற்சியாளர் பேர் பிரையன்ட் மனசு மாறி கறுப்பின வீரர்களை எடுத்தார்'னு ஒரு கதை சுத்திக்கிட்டே இருக்கு. கேட்க நல்லா இருக்கும், ஆனா சரி இல்லை. வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின வீரரை அலபாமா அதுக்கு முன்னாடியே சேர்த்திருந்தது. முதலாமாண்டு மாணவர்கள் அப்போ ஆட முடியாது என்பதால் அவர் அன்னைக்கு களத்தில் இல்லை, அவ்வளவுதான். 1963-ல் கவர்னர் ஜார்ஜ் வாலஸ் வாசலை மறிச்சு நின்னாரே, அதே பல்கலைக்கழகம் இது. கதவு ஒரு சாயங்காலத்தில் திறக்கலை. மாணவர்கள், வழக்குகள், மக்கள் போராட்டம்னு பல வருஷம் தள்ளித்தான் திறந்தது. திறந்த பிறகு தெற்கின் பிள்ளைகள் தெற்கிலேயே ஆட ஆரம்பிச்சாங்க. காத்து திசை மாறியது.

1984: ஒரு தீர்ப்பு

அடுத்த திருப்பம் நீதிமன்றத்தில். 1951-லிருந்து எந்த ஆட்டம் டிவியில் வரலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்புதான் முடிவு பண்ணியது. எல்லா ஆட்டமும் டிவியில் வந்தால் டிக்கெட் வாங்கி யார் வருவாங்க என்ற பயம். 80-களின் தொடக்கத்தில் ரெண்டு வருஷத்துக்கு ஆறு தடவைக்கு மேல் எந்த அணியும் டிவியில் வரக் கூடாதுன்னு விதி.

1981-ல் ஒரு வாரம். ஓக்லஹோமா–யு.எஸ்.சி. ஆட்டம் 200-க்கும் மேற்பட்ட நிலையங்களில் ஒளிபரப்பானது. அதே வாரம் சிட்டடல்–அப்பலாச்சியன் ஸ்டேட் ஆட்டம் வெறும் நாலே நிலையத்தில். நாலு அணிக்கும் கிடைச்ச காசு ஒண்ணுதான்! சின்னவங்களுக்கு இது நியாயம், பெரியவங்களுக்கு எரிச்சல். ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டன. 1984 ஜூன் 27-ம் தேதி உச்ச நீதிமன்றம் 7-2 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எதிர்த்து எழுதிய நீதிபதி பைரன் வைட், இளவயதில் கொலராடோவின் ஃபுட்பால் நட்சத்திரம்.

அன்னையிலிருந்து டிவி உரிமை விற்கிற சரக்காச்சு. யார்கிட்ட நிறைய ரசிகர் வீடுகள் இருக்கோ அவங்க கை ஓங்கும்.

இதை முதலில் நல்லாப் பயன்படுத்தினவர் எஸ்.இ.சி. ஆணையர் ராய் கிரேமர். 12 அணிகள் இருந்தா, ரெண்டு பிரிவாப் பிரிச்சு கூடுதலா ஒரு இறுதிப்போட்டி வச்சுக்கலாம்னு விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. பெரிய கான்ஃபரன்ஸ் எதுவும் அதைத் தொட்டதில்லை. ஆர்கன்சாவையும் தெற்கு கரோலினாவையும் சேர்த்து எண்ணிக்கையைப் 12 ஆக்கி, 1992-ல் அந்தப் போட்டியை நடத்தினார். எங்கே? அதே லீஜியன் ஃபீல்டில். அலபாமா 28, ஃப்ளோரிடா 21. ஒரு புது டிவி நிகழ்ச்சி பிறந்தது.

பணம் வந்தது, பெரிய பயிற்சியாளர்கள் வந்தாங்க, வீரர்கள் ஏற்கனவே பக்கத்து ஊர்லயே இருந்தாங்க. 2006 முதல் 2012 வரை தொடர்ச்சியா ஏழு தேசியப் பட்டங்கள் எஸ்.இ.சி.க்கு. 2022 வரை 17 சீசன்களை எண்ணினா அதில் 13 அவங்களுடையது.

விட்டுப்போனவர்கள்

ஆனா ஆர்கன்சா எஸ்.இ.சி.க்கு வந்ததுன்னா, எங்கிருந்தோ கிளம்பியிருக்கணும் இல்லையா? அது சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ். 1914-ல் பிறந்தது. ஆர்கன்சா போன பிறகு மிஞ்சினது எல்லாம் டெக்சாஸ் அணிகள். ஒரே மாநில ரசிகர்களை வச்சு தேசிய டிவிகிட்ட பேரம் பேச முடியலை. 1996-ல் அதைக் கலைச்சாங்க. நாலு பேர் புது பிக் 12-க்குப் போனாங்க. ரைஸ், ஹூஸ்டன், டி.சி.யு., எஸ்.எம்.யு. ஆகிய நாலு பேருக்கு இடம் இல்லை. எஸ்.எம்.யு. மறுபடியும் பெரிய கான்ஃபரன்ஸுக்குள் நுழைய 2024 ஆச்சு. ஒன்பது வருஷத்துக்கு டிவி காசே வேண்டாம்னு ஒத்துக்கிட்டுத்தான் ஏ.சி.சி. என்ற கான்ஃபரன்ஸில் சேர்ந்தது. வாசலில் நின்னவங்க கொடுத்த விலை அது.

அதே கதை மேற்கில் இன்னும் பெருசா நடந்தது. 2021-ல் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி.க்குப் போறோம்னாங்க. பதிலுக்கு பிக் டென் 2022-ல் லாஸ் ஏஞ்சலஸ் அணிகள் இரண்டையும் இழுத்தது. ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கும் மேலான டிவி ஒப்பந்தம் போட்டது. 2023-ல் ஓரிகனும் வாஷிங்டனும் அதே பக்கம் சாஞ்சாங்க. பிறகு மத்தவங்களும் ஓடினாங்க. 1915-லிருந்து வேர் விட்ட மேற்குக் கரை கான்ஃபரன்ஸில், பேக்-12-ல், மிஞ்சினது ரெண்டே பேர்: ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். அதில் ஓரிகன் ஸ்டேட் அந்த 1915 நிறுவன உறுப்பினர்களில் ஒருத்தர்.

ரெண்டும் சின்ன ஊர்ப் பல்கலைக்கழகங்கள். அவங்க மோசமா ஆடினதால விட்டுப்போகலை. அவங்க ஊரில் டிவி பார்க்கிற வீடுகள் குறைவு. குற்றம் அவ்வளவுதான்.

இப்போ யார் கை?

2023 பட்டம் மிஷிகனுக்கு, 2024 பட்டம் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு. ரெண்டும் பிக் டென். கை மறுபடியும் வடக்கே மாறிடுச்சான்னு விவாதம் போகுது. நான் பார்க்கிற வரை, இந்த முறையும் காரணத்தைக் களத்துக்கு வெளியேதான் தேடணும். வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வச்சு சம்பாதிக்கலாம்னு 2021 ஜூலையில் அனுமதி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒத்துக்கிட்ட ஒரு சமரசப்படி, பல்கலைக்கழகமே வருஷத்துக்கு சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். பணக்கார முன்னாள் மாணவர்கள் நிறைய இருக்கிற பெரிய வடக்குப் பல்கலைக்கழகங்களுக்கு இது புது வாசல்.

இதில் ஒரு நியாயமும் இருக்கு. பல தலைமுறை வீரர்கள் எலும்பு முறிய ஆடி, படிப்புச் செலவுக்கு மேல ஒண்ணும் வாங்காமப் போனாங்க. அவங்களை வச்சு மத்தவங்க சம்பாதிச்சாங்க. அந்த வகையில் இந்த மாற்றம் ரொம்பத் தாமதம். 1895-ல் காசை வெளியே நிறுத்தணும்னு கூடின அதே பிக் டென், இன்னைக்கு எல்லாரையும்விடப் பெரிய கல்லாப்பெட்டியோட நிக்குது.

எந்த கான்ஃபரன்ஸ் பெருசுன்னு யாராவது உங்ககிட்ட வாதம் பண்ணினா, பயிற்சியாளர் யார்னு கேட்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: அந்த வருஷங்களில் யாரை உள்ளே விட்டாங்க, யாரை வெளியே நிறுத்தினாங்க? 1966-ல் பப்பா ஸ்மித்துக்குத் தன் மாநிலத்துப் பெரிய அணிகளில் இடம் இல்லை. 2024-ல் ஓரிகன் ஸ்டேட்டுக்குத் தன் கடற்கரையிலேயே இடம் இல்லை. ரெண்டு அநியாயமும் ஒண்ணுன்னு நான் சொல்லலை. முதலாவது மனுஷனுக்கு இழைச்சது, அதோட கனம் வேற. ஆனா ரெண்டையும் முடிவு பண்ணினவங்க களத்தில் ஆடினவங்க இல்லை.

அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.