பெருந்தொற்றுக் காலத்தில் காசநோய்க் கட்டுப்பாடு

பெருந்தொற்றால் மருத்துவ அமைப்பு திணறும்போதும் காசநோயாளிகளைக் கண்டறிந்து, அவர்களது சிகிச்சை இடையில் நின்றுவிடாமல் காக்கும் பொதுச் சுகாதாரப் பணி. இதன் இன்றியமையாமையை கோவிட்-19 உணர்த்தியது. உலகில் புதிதாகக் கண்டறிந்து பதிவுசெய்யப்பட்ட காசநோயாளிகள் 2019-இல் 71 லட்சம். 2020-இல் 58 லட்சம். இந்தியாவில் இந்த எண்ணிக்கை சுமார் 24 லட்சத்திலிருந்து 18 லட்சமாகச் சரிந்தது. ஊரடங்கும் முகக்கவசமும் தொற்றைக் குறைத்ததன் பயனே இச்சரிவு என வாதிடுவோர் உண்டு. ஆனால் கிருமி உடலில் புகுந்து நோயாக வெளிப்படப் பல மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம்; எனவே தொற்று குறைந்ததன் பலன் அதே ஆண்டில் இவ்வளவு தெரிந்திருக்காது. மேலும், நோய் உண்மையில் தணிந்திருந்தால் இறப்பும் குறைந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டிலோ, பத்தாண்டுக்கும் மேலான தொடர் சரிவுக்குப் பின் 2020-இல் இறப்பு கூடியது. குறைந்தது நோயன்று, அதைக் கண்டறியும் பணியே.

நெருக்கடியில் ஆய்வகத்தையும் பணியாளரையும் புதிய தொற்றுக்குத் திருப்புவது தவிர்க்க முடியாதது என்பது இன்னொரு வாதம். இது ஓரளவே சரி. காசநோயைக் கண்டறியும் ட்ரூநாட், சிபிநாட் கருவிகள் கோவிட் பரிசோதனைக்கும் உதவின. இருமலும் காய்ச்சலும் இரண்டுக்கும் பொதுவான அறிகுறிகள். ஆகவே ஒருவரிடம் இரு நோய்களையும் சேர்த்தே சோதிக்கலாம். 2020-இல் இந்திய அரசு இதற்கு வழிகாட்டுதலும் வெளியிட்டது. ஒரு மாத மருந்தை மொத்தமாகக் கொடுப்பதும், தொலைபேசியில் நலம் கேட்பதும் நோயாளியின் அலைச்சலைக் குறைக்கும். வழக்கமான ஆறு மாதச் சிகிச்சை முறிந்தால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உருவாகக்கூடும். அதைக் குணப்படுத்தும் செலவு பன்மடங்கு. எனவே காசநோய்ப் பணியை ஒத்திவைப்பது சிக்கனமாகாது. 2022-இல் உலகப் பதிவு 75 லட்சமாக உயர்ந்ததும், விடுபட்டவர்களில் பலர் தாமதமாகவே சிகிச்சைக்கு வந்தனர் என்பதையே காட்டுகிறது.